வெளியூர் அலை: நியாஸ் தீவின் பவளப்பாறையில் கடலைக் கணிப்பது எப்படி?



வானம் தெளிவாக இருக்கிறது. காற்று இல்லை. தென்னை ஓலைகூட அசையவில்லை. ஆயினும், கரைக்குச் சற்று அப்பால் கடல் திடீரென்று சுவர்போல் எழுகின்றது, வளைகின்றது, இடி இடித்தாற்போல் பாறைமீது விழுகின்றது. காற்றே இல்லாதபோது இந்த அலை எங்கிருந்து வந்தது? அது இன்ன நாளில் வரும் என்று ஐந்து நாட்களுக்கு முன்பே எப்படிச் சொல்ல முடிகிறது? இந்த இரண்டு கேள்விகளுக்கும் இன்று விடை காண்போம்.

ரப்பரும் செம்பனையும் சூழ்ந்த தோட்டத்தில் வாழும் நமக்குக் கடலலையைப் பற்றி என்ன கவலை என்று சிலர் நினைக்கலாம். ஆனால் பள்ளி விடுமுறை வந்தால் நாம் எங்கே போகிறோம்? வேன் பிடித்து, சோறு கட்டி, குடும்பம் குடும்பமாகப் போர்ட் டிக்சனுக்கும் மோரிப்புக்கும் போகிறோம். சிலர் குவாந்தான் வரைக்கும் போகிறார்கள். வண்டி நின்றதும் முதலில் தண்ணீரை நோக்கி ஓடுகிறவர்கள் நம் பிள்ளைகள்தாம். கடலைப் பார்த்துப் பழகாத பிள்ளைக்கு எல்லாக் கடலும் ஒன்றுபோலவே தோன்றும். எல்லாக் கடலும் ஒன்றல்ல என்பதைப் பெரியவர்களாகிய நாம் அறிந்திருந்தால்தான் அவர்களுக்கு எடுத்துச் சொல்ல முடியும்.

முதலில் ஓர் ஊரைத் தெரிந்து கொள்வோம். சுமத்ராவின் மேற்குப் பக்கத்தில், இந்தியப் பெருங்கடலில், நியாஸ் என்றொரு தீவு இருக்கிறது. இந்தோனேசியாவைச் சேர்ந்தது. நம் கிள்ளானிலிருந்து நேர்கோட்டில் அளந்தால் ஏறத்தாழ 500 கிலோமீட்டர்தான். அங்கும் ரப்பர் உண்டு, தென்னை உண்டு. ஆள் உயரத்திற்கு மேல் கல்லை அடுக்கி, அதை இளைஞர்கள் தாண்டிக் காட்டுவது அந்தத் தீவின் பழைய வழக்கம். அந்தத் தீவின் தென்கோடியில் லகுண்ட்ரி என்றொரு குடாவும், அதன் ஓரத்தில் சொராக்கே என்ற கடற்கரையும் இருக்கின்றன. 1975-ஆம் ஆண்டில் மூன்று ஆஸ்திரேலியர்கள் அங்கே வந்து, பலகைமேல் நின்று அலையில் சறுக்கி விளையாடினார்கள். அதன் பிறகு உலகின் பல நாடுகளிலிருந்தும் அலைச்சறுக்கு விளையாட்டுக்காரர்கள் அங்கே வரத் தொடங்கினார்கள். இன்று அந்தக் கரையில் தங்கும் விடுதி வைத்திருப்பவர், சோறு ஆக்கிப் போடுபவர், படகு ஓட்டுபவர் என்று பல குடும்பங்கள் அந்த ஓர் அலையை நம்பிப் பிழைக்கின்றன. அலை வந்தால் அடுப்பெரியும் என்று சொல்லலாம்.

அப்படியானால் அந்த அலை என்றைக்கு வரும், எவ்வளவு பெரிதாக வரும் என்பது அவர்களுக்கு எவ்வளவு முக்கியம்! மீன் பிடிக்கச் சிறு படகில் போகிறவருக்கோ அது உயிர்ப் பிரச்சினை.

சரி, அலை என்பது என்ன? தோட்டத்துக் குளத்தில் ஒரு தேங்காய் மட்டையைப் போட்டுவிட்டு, சற்றுத் தள்ளி ஒரு கல்லை எறிந்து பாருங்கள். வட்டம் வட்டமாக அலை பரவும். ஆனால் மட்டை அந்த அலையோடு கரைக்கு வந்துவிடாது. இருந்த இடத்திலேயே ஏறி இறங்கும். தண்ணீர் பயணம் செய்வதில்லை. தண்ணீருக்குள் புகுந்த ஆற்றல்தான் பயணம் செய்கிறது. கடலிலும் அப்படித்தான். அங்கே கல்லின் வேலையைக் காற்று செய்கிறது.

காற்று அலையை வளர்ப்பதற்கு மூன்று காரணங்கள் கூடிவர வேண்டும். காற்று வேகமாக இருக்க வேண்டும். அது நெடுநேரம் வீச வேண்டும். தடையில்லாத நீண்ட கடற்பரப்பின்மேல் வீச வேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் அலை வளராது. மலாக்கா நீரிணையை எடுத்துக் கொள்ளுங்கள். விடியற்காலையில் மேற்கிலிருந்து திடீரென்று சுமத்ராக் காற்று அடிக்கும். பால் வெட்டும் குடும்பங்களுக்கு அதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மங்குகளில் மழைநீர் நிறைந்து, அன்றைய வெட்டே கெட்டுப் போகும். அந்தக் காற்று வேகமானதுதான். ஆனால் ஒன்றிரண்டு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும், நீரிணையும் குறுகியது. ஆகவே அது எழுப்பும் அலை குட்டையாக, கிட்டக் கிட்ட, ஒழுங்கில்லாமல் இருக்கும். காற்று நின்ற சில மணி நேரத்தில் கடலும் அடங்கிவிடும். இத்தகைய அலையை நாம் 'உள்ளூர் அலை' என்று வைத்துக் கொள்வோம்.

நியாஸ் தீவுக்கு வரும் அலையோ வேறு இனம். அது பிறக்கும் இடம் நிலநடுக் கோட்டுக்குத் தெற்கே வெகு தொலைவில், அன்டார்க்டிக்காவை நோக்கிய தென்கடலில் இருக்கிறது. அங்கே நிலநடுக் கோட்டிலிருந்து 40 பாகைக்கும் 60 பாகைக்கும் இடைப்பட்ட பகுதியில் காற்றைத் தடுக்க நிலமே இல்லை என்று சொல்லலாம். மேற்கிலிருந்து கிழக்காக ஒன்றன்பின் ஒன்றாகப் புயல்கள் போய்க்கொண்டே இருக்கும். மே முதல் செப்டம்பர் வரை அங்கே குளிர்காலம். அப்போது புயல்கள் மிகுந்து வலுக்கும். பல நூறு கிலோமீட்டர் நீளக் கடலின்மேல், இரண்டு மூன்று நாட்கள் விடாமல் காற்று வீசும். முன்னே சொன்ன மூன்று காரணங்களும் அங்கே கூடிவிடுகின்றன. அங்கே பிறக்கும் அலை, புயல் ஓய்ந்த பிறகும் ஓய்வதில்லை. தன்னை வளர்த்த காற்றை விட்டுப் பிரிந்து, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பயணம் செய்கின்றது. இதை 'வெளியூர் அலை' என்று சொல்வோம்.

உள்ளூர் அலையையும் வெளியூர் அலையையும் வேறு பிரித்தறிய ஒரு கடிகாரம் போதும். ஓர் அலையின் உச்சி ஓர் இடத்தைக் கடந்த பிறகு, அடுத்த அலையின் உச்சி அதே இடத்திற்கு வர எத்தனை விநாடி ஆகிறது என்று எண்ண வேண்டும். இதனை 'இடைநேரம்' எனலாம். உள்ளூர் அலைக்கு இடைநேரம் 4, 5, 6 விநாடியாக இருக்கும். தென்கடலிலிருந்து வரும் வெளியூர் அலைக்கு 14, 16, சில வேளைகளில் 18 விநாடிகூட இருக்கும். இந்த ஒரே எண்ணில்தான் அலைக் கணிப்பின் பெரும்பகுதி அடங்கியிருக்கிறது.

எப்படி என்று பார்ப்போம். ஆழ்கடலில் இடைநேரம் நீண்ட அலை வேகமாக ஓடும். குறுகிய அலை மெதுவாகப் போகும். அலைக்கூட்டத்தின் வேகத்தைக் கண்டுபிடிக்க ஓர் எளிய வாய்பாடு உண்டு. இடைநேர விநாடியை 2.8-ஆல் பெருக்கினால், அது மணிக்கு எத்தனை கிலோமீட்டர் போகிறது என்பது ஏறத்தாழத் தெரிந்துவிடும். 16 விநாடி அலைக்கூட்டம் மணிக்கு ஏறத்தாழ 45 கிலோமீட்டர் போகும். 12 விநாடி அலைக்கூட்டம் மணிக்கு ஏறத்தாழ 34 கிலோமீட்டர்தான் போகும்.

இப்போது தென்கடலில் 5,500 கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு புயல் அடிக்கிறது என்று வைத்துக் கொள்ளுங்கள். அங்கே எல்லா வகை அலைகளும் ஒன்றாகத்தான் புறப்படுகின்றன. ஆனால் ஒன்றாக வந்து சேர்வதில்லை. ஒரே நேரத்தில் புறப்பட்ட விரைவுப் பேருந்தும் சாதாரணப் பேருந்தும் போல, 16 விநாடி அலை ஐந்து நாளில் லகுண்ட்ரிக்கு வந்துவிடும். 12 விநாடி அலை வந்து சேர ஏறத்தாழ ஏழு நாள் ஆகும். ஆகையால் கரையில் நிற்பவர் முதலில் காண்பது, நீண்ட இடைநேரமுள்ள, எண்ணிக்கையில் குறைந்த அலைகளை. முதல் நாள் மாலை கடல் அமைதியாக இருக்கும். ஆனால் எப்போதோ ஒரு தடவை, நிதானமாக இரண்டு மூன்று பெரிய அலைகள் வந்து போகும். அனுபவமுள்ள படகோட்டி அதைப் பார்த்தவுடனே, "பெரிய கூட்டம் பின்னால் வருகிறது" என்று தெரிந்து கொள்வார்.

புயல் எங்கே அடிக்கிறது என்பது தெரிந்தால் அலை வரும் நாளைக் கணக்கிடலாம். வந்த அலைகளின் இடைநேரம் நாளுக்கு நாள் எப்படிக் குறைகிறது என்று அளந்தால், அது பிறந்த இடத்தின் தொலைவையே கணக்கிட்டு விடலாம். இப்படி முன்னும் பின்னும் கணக்குப் போடும் கலை போர்க்காலத்தில் வளர்ந்தது. இரண்டாம் உலகப் போரின்போது படைவீரர்களைப் படகுகளில் கரையிறக்க வேண்டியிருந்தது. அலை பெரிதாக இருந்தால் எதிரியின் குண்டு வருமுன் கடலே அவர்களைக் கொன்றுவிடும். அப்போது அமெரிக்காவில் ஆராய்ச்சி செய்து வந்த ஹரால்ட் ஸ்வர்ட்ரூப், வால்ட்டர் மன்க் என்ற இரு அறிஞர்கள், காற்றைக் கொண்டு அலையைக் கணிக்கும் முறையை வகுத்தார்கள். 1944-ஆம் ஆண்டு ஜூன் 6-ஆம் நாள் பிரான்சின் நார்மண்டிக் கரையில் படைகள் இறங்கியபோது அந்த முறை பயன்பட்டது. போருக்குப் பின், 1963-ஆம் ஆண்டில், மன்க் தம் குழுவினருடன் நியூசிலாந்து முதல் அலாஸ்கா வரை பசிபிக் பெருங்கடலின் குறுக்கே அளவுக் கருவிகளை வைத்தார். தென்கடல் புயலில் பிறந்த அலைகள் பெருங்கடல் முழுவதையும் கடந்து அலாஸ்கா வரை போய்ச் சேருவதை எண்களால் காட்டினார். 1917-இல் பிறந்த அவர், 2019-இல் தம் 101-ஆம் வயதில் மறைந்தார்.

இன்று அந்தக் கணக்கைக் கணினிகள் போடுகின்றன. உலகக் கடல் முழுவதையும் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் காற்று எவ்வளவு, எந்தத் திசை என்று கணினிக்குக் கொடுக்கிறார்கள். அலைகள் கட்டத்திலிருந்து கட்டத்துக்கு எப்படி நகரும் என்பதை அது கணக்கிடுகிறது. கடலில் மிதக்க விட்ட மிதவைகளும், வானில் சுற்றும் துணைக்கோள்களும் உண்மையான அலை உயரத்தை அளந்து அனுப்புகின்றன. கணக்கும் அளவும் ஒத்துப் போகிறதா என்று பார்த்துத் திருத்திக் கொள்கிறார்கள். இதனால் சில நாட்களுக்குள் வரும் அலையை நன்றாகவே சொல்ல முடிகிறது. நாள் தள்ளிப் போகப் போக நம்பகம் குறையும். இன்னும் பிறக்காத புயலின் அலையை உறுதியாகச் சொல்ல யாராலும் முடியாது.

ஓர் அலைக் கணிப்பு எப்படியிருக்கும்? எடுத்துக்காட்டாக இப்படி வைத்துக் கொள்வோம்: "உயரம் 1.8 மீட்டர், இடைநேரம் 16 விநாடி, திசை தெற்கு-தென்மேற்கு, காலையில் நிலத்திலிருந்து கடலை நோக்கி மெல்லிய காற்று." இதில் உள்ள நான்கு செய்திகளையும் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்போம்.

முதலாவது, உயரம். 1.8 மீட்டர் என்றால் எல்லா அலையும் 1.8 மீட்டர் என்று பொருளல்ல. வரும் அலைகளில் உயரமான மூன்றில் ஒரு பங்கை எடுத்து, அவற்றின் சராசரியைத்தான் கணிப்பில் சொல்வது வழக்கம். ஆகவே பல அலைகள் அதைவிடச் சிறியவையாக இருக்கும். எப்போதாவது வரும் ஒன்று, ஏறக்குறைய அதைப்போல் இரு மடங்காகவும் இருக்கலாம். அந்த ஒன்றுதான் ஆளை அடித்துக்கொண்டு போகும்.

இரண்டாவது, இடைநேரம். உயரம் 1.8 மீட்டரே, ஆனால் இடைநேரம் 6 விநாடி என்றால், கரையில் உடையும்போது அது ஏறத்தாழ 2 மீட்டர் உயரம் பெறும். அதே 1.8 மீட்டர் 16 விநாடி இடைநேரத்தோடு வந்தால், உடையும்போது ஏறத்தாழ 3 மீட்டராக உயர்ந்துவிடும். காரணம், நீண்ட அலை ஆழமாக இறங்கியிருக்கிறது. 16 விநாடி அலையின் நீளம், உச்சிக்கு உச்சி, ஏறத்தாழ 400 மீட்டர். அதில் பாதி, அதாவது 200 மீட்டர் ஆழம் வரை அதன் அசைவு இருக்கும். கரையை நெருங்கும்போது அடித்தரை அதன் காலைப் பிடித்து இழுக்கும். முன்பகுதி வேகம் குறையும். பின்னால் வருவது நெருக்கும். நெருங்க நெருங்க நீர் மேலே எழும். கடலில் ஒரு மீட்டர், இரண்டு மீட்டர் என்று கேட்டுவிட்டு "சின்ன அலைதானே" என்று நினைப்பது எவ்வளவு தவறு என்பது இதனால் விளங்கும்.

மூன்றாவது, திசை. லகுண்ட்ரிக் குடாவின் வாய் தெற்குப் பக்கம் திறந்திருக்கிறது. ஆகவே தெற்கு, தென்மேற்கிலிருந்து வரும் அலைக்கு அது கதவு திறந்த வீடு. வேறு பக்கத்திலிருந்து எவ்வளவு பெரிய அலை வந்தாலும் உள்ளே நுழைவது குறைவு.

நான்காவது, காற்று. இரவில் நிலம் விரைவில் குளிர்ந்துவிடுவதால், விடியற்காலையில் நிலத்திலிருந்து கடலை நோக்கி மெல்லிய காற்று வீசும். அது அலையின் முகத்தை எதிரே நின்று தாங்கிப் பிடிக்கும். அலை கண்ணாடிபோல் வழவழப்பாக நிற்கும். வெயில் ஏறியதும் காற்று திரும்பிக் கடலிலிருந்து வீசும். அப்போது அலையின் முகம் கசங்கிவிடும். நாம் பெரட்டுக்குப் போகும் விடியல் வேளையில் அலைச்சறுக்குக்காரர்களும் பலகையோடு கடலுக்குப் போவது இதனால்தான்.

நான்கு செய்திகளும் சரியாக அமைந்தாலும், அலை எந்த உருவில் விழும் என்பதை முடிவு செய்வது கடலடித் தரையே. மணற்கரை மெல்ல மெல்லச் சரியும். அங்கே அலை சிறிது சிறிதாக நுரைத்து அடங்கும். பவளப்பாறையோ ஆழத்திலிருந்து சட்டென்று எழுந்து நிற்கும். முத்துக்குளிப்பவர்களும் மீனவர்களும் இதைப் 'பார்' என்பார்கள். ஆழ்கடலில் ஆற்றல் குறையாமல் வந்த அலை, அந்தப் பாரின்மேல் தடுக்கி விழுகிறது. நீரின் ஆழம் அலை உயரத்தைப்போல் ஏறத்தாழ ஒன்றேகால் மடங்குக்கு வந்தவுடன் அலை நிற்க முடியாமல் உடையும். 3 மீட்டர் அலை ஏறத்தாழ 4 மீட்டர் ஆழத்தில் உடைந்துவிடும். உடைந்த நீருக்கு அடியில் இருப்பதோ கத்திபோன்ற பவளம். அலைச்சறுக்குக்காரர் உடம்பில் காணும் வெட்டுக் காயங்கள் அந்தப் பாறை போட்டவை.

அந்தப் பாறையும் நிலையானதன்று. 2005-ஆம் ஆண்டு மார்ச் 28-ஆம் நாள் இரவு 11 மணியளவில், 8.6 அளவுள்ள நிலநடுக்கம் நியாஸ் தீவைக் குலுக்கியது. நூற்றுக்கணக்கானோர் இடிபாடுகளில் மாண்டனர். மலேசியாவிலும் உயர்மாடிகளில் இருந்தவர்கள் அதிர்வை உணர்ந்து வெளியே ஓடிவந்தார்கள். அந்த ஓர் இரவில் நியாஸ், சிமெலூவே தீவுகளின் கரைகள் சில இடங்களில் ஏறத்தாழ 3 மீட்டர் வரை கடலைவிட்டு மேலே எழும்பின. உயிருள்ள பவளம் வெயிலில் காய்ந்து வெளுத்துச் செத்தது. லகுண்ட்ரியில் அவ்வளவு உயரவில்லை. எனினும் அங்கும் பாறை எழும்பியது. எழும்பியதால் அதன்மேல் நீர் ஆழம் குறைந்தது. ஆழம் குறைந்ததால், முன்பு உடையாமல் கடந்து போன சிறிய அலைகளும் இப்போது உடைகின்றன. பெரியவை இன்னும் குடைந்து, இன்னும் வன்மையாக விழுகின்றன. பல ஆண்டுகளாகப் பழகிய கடலை அந்த ஊர் மக்கள் மறுபடியும் முதலிலிருந்து கற்க வேண்டியதாயிற்று. உலகக் கணினி அந்தச் சிறு பாறையைக் காண்பதில்லை. அதன் கட்டங்கள் அதைவிடப் பெரியவை. ஆகவே கணிப்பைக் கேட்டாலும், அந்த ஊர்க்காரரின் சொல்லையும் கேட்டுத்தான் கடலில் இறங்க வேண்டும்.

இங்கே ஓர் ஐயம் எழலாம். சுனாமியும் இப்படிக் கணிக்கக் கூடியதுதானா? இல்லை. சுனாமி காற்றால் பிறப்பதன்று. கடலடித் தரை நகர்வதால் பிறப்பது. நிலநடுக்கம் எப்போது வரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. நிகழ்ந்த பிறகுதான் எச்சரிக்கை தர முடியும். 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் வந்த சுனாமி, சுமத்ராவின் வடமுனையைச் சுற்றி வளைந்து வந்து, பினாங்கிலும் கெடாவிலும் மனிதரைக் கொண்டுபோனது. மலேசியாவில் 68 பேர் மாண்டனர். அதனை நாம் மறப்பதற்கில்லை. ஆனால் இன்று நாம் பேசும் அலை வேறு. இது முன்னறிவிப்போடு வருவது. கேட்பவர் காதுக்கு அது எட்டினால் உயிர் தப்பலாம்.

இதற்குச் சான்று நம் முன்னோர் ஊர்ப் பக்கத்திலேயே இருக்கிறது. தென்கடலில் பிறக்கும் அதே அலைகள் கேரளத்துக்கும் கன்னியாகுமரிக்கும் கூடப் போகின்றன. காற்றும் மழையும் இல்லாத நாளில், சொல்லாமல் கொள்ளாமல் திருடனைப்போல் ஏறி வருவதால், கேரளக் கரை மீனவர்கள் அதற்குக் 'கள்ளக்கடல்' என்று பெயர் வைத்தார்கள். 2024-ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் அத்தகைய அலை வருமென்று எச்சரிக்கை வெளியிடப்பட்டிருந்தது. ஆயினும் மே 6-ஆம் நாள், கன்னியாகுமரி மாவட்டத்து லெமூர் கடற்கரையில், மருத்துவம் பயின்ற ஐந்து இளைஞர்கள் அலையில் சிக்கி மாண்டார்கள். பிறர் உயிரைக் காக்கப் படித்த பிள்ளைகள் அவர்கள். எச்சரிக்கை இருந்தும் உயிர்கள் போயினவே என்றுதான் வருந்த வேண்டியிருக்கிறது.

நம் நாட்டுக் கரைகளுக்கு இனி வருவோம். மேற்குக் கரைக்கு முன்னால் 1,700 கிலோமீட்டர் நீளத்தில் சுமத்ரா படுத்திருக்கிறது. தென்கடலின் வெளியூர் அலையைப் பெரும்பாலும் அது தன் முதுகிலேயே வாங்கிக் கொள்கிறது. போர்ட் டிக்சனும் மோரிப்பும் அமைதியாக இருப்பது அந்தப் புண்ணியத்தால்தான். அங்கே கவனிக்க வேண்டியது அலையைவிட நீர் ஏற்ற இறக்கம். கிள்ளான் பக்கத்தில் பௌர்ணமி, அமாவாசையை ஒட்டி நீர்மட்டம் நான்கு மீட்டருக்கு மேல் ஏறி இறங்கும். சேற்றுத் திட்டில் தூரமாக நடந்து போனவர்களை ஏறுநீர் சூழ்ந்து கொள்ளும்.

கிழக்குக் கரை அப்படியன்று. கிளந்தான், திரங்கானு, பகாங் கரைகளுக்கு எதிரே தென்சீனக் கடல் திறந்து கிடக்கிறது. நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று அதன்மேல் நாள்கணக்கில் வீசும். அந்தக் காலத்தில் அங்கே கடலில் இறங்குவது ஆபத்தை விலைக்கு வாங்குவதாகும். மலேசிய வானிலை ஆய்வுத் துறை பலத்த காற்றுக்கும் கொந்தளிக்கும் கடலுக்கும் படிப்படியாக எச்சரிக்கை விடுக்கிறது. மலாய் மொழிச் செய்தியில் 'லாவுட் பெர்கெலோரா' என்று காதில் விழுந்தால், அது கொந்தளிக்கும் கடலைக் குறிப்பது என்று தெரிந்து கொள்ளுங்கள். அந்த வாரம் கடற்கரைப் பயணத்தைத் தள்ளி வைப்பதால் யாருக்கும் நட்டமில்லை.

கரைக்குப் போனால் செய்ய வேண்டியவை சிலவே. வண்டியை விட்டு இறங்கியதும் பிள்ளைகளைத் தண்ணீருக்கு விடாதீர்கள். இருபது நிமிடம் கடலைப் பாருங்கள். வெளியூர் அலைகள் கூட்டம் கூட்டமாக வரும். இடையில் பத்து நிமிடம்கூட ஓய்வு எடுக்கும். அந்த ஓய்வைப் பார்த்துக் கடல் அமைதியென்று ஏமாறக் கூடாது. அலை உச்சிகளுக்கு இடையே விநாடியை எண்ணுங்கள். இடைநேரம் நீண்டிருந்தால், கண்ணுக்குச் சிறிதாகத் தோன்றினாலும் அதை மதியுங்கள்.

இன்னொன்று மிக முக்கியம். இருபுறமும் அலை நுரைத்து உடைய, நடுவில் ஓரிடம் மட்டும் அமைதியாகத் தெரிந்தால், அது பிள்ளைகள் குளிக்க ஏற்ற இடம் என்று எண்ண வேண்டாம். அலைகள் கரைக்குக் கொண்டுவந்து கொட்டிய நீரெல்லாம் கடலுக்குத் திரும்பிப் போகும் வாய்க்கால் அது. லகுண்ட்ரிப் பாறையின் ஓரத்திலும் இத்தகைய ஆழமான வாய்க்கால் உண்டு. நீந்தத் தெரிந்தவர் அதன் வழியே கடலுக்குள் போகிறார். தெரியாதவரை அது இழுத்துக்கொண்டு போகிறது. அதில் சிக்கியவர் கரையை நோக்கி எதிர்த்து நீந்தினால் களைத்து மூழ்குவார். பதறாமல் மிதக்க வேண்டும். கையை உயர்த்திக் காட்ட வேண்டும். முடிந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி அந்த ஓட்டத்தை விட்டு விலக வேண்டும். கரையில் இருப்பவர் பின்னாலேயே குதிக்கக் கூடாது. மிதக்கும் பொருள் எதையாவது எறிந்துவிட்டு, 999-ஐ அழைக்க வேண்டும். காப்பாற்றப் போனவரும் சேர்ந்து மூழ்கிய குடும்பங்கள் பல உண்டு.

நேயர்களே! இருளோடு எழுந்து வானத்தைப் பார்த்து, இன்று வெட்டு உண்டா இல்லையா என்று சொல்லக்கூடிய அறிவு தோட்டத்து மக்களுக்கு உண்டு. அது பள்ளியில் படித்த அறிவன்று. பார்த்துப் பார்த்துப் பெற்ற அறிவு. கடலுக்கும் அதே கண் வேண்டும். அந்தக் கண்ணுக்குத் துணையாக அறிவியல் இன்று ஐந்து நாள் முன்னதாகச் செய்தி சொல்கிறது. அடுத்த விடுமுறையில் கடற்கரைக்குப் புறப்படும்போது, சோற்றுப் பொட்டலத்தோடு வானிலைச் செய்தியையும் கேட்டு எடுத்துச் செல்லுங்கள். போன பிள்ளைகள் அத்தனை பேரும் சிரித்த முகத்தோடு வீடு திரும்பட்டும்.